வாய்ப்புண் வந்தபின் பூஞ்சைத் தடுப்பு மருந்தான போசகோனசோலை எப்படிக் கொடுக்கிறீர்கள்?

எலும்பு மஜ்ஜை மாற்று வார்டில் இருப்பவர்களிடம் ஒரு கேள்வி. நியூட்ரோபில் (கிருமியை எதிர்க்கும் வெள்ளணு) 500-க்குக் கீழே இருக்கும்வரை லீவோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாடிக்கைத் தினம் 500 மி.கி. கொடுக்கிறோம். அது குடலின் நல்ல பாக்டீரியாவையும் சேர்த்து அழிப்பதால் கேண்டிடா என்ற பூஞ்சை பெருகும். ஃப்ளூகோனசோல் என்ற பூஞ்சை மருந்து பெரும்பாலான கேண்டிடாவை அடக்கும், ஆஸ்பெர்ஜில்லஸ் என்ற இன்னொரு பூஞ்சையைத் தொடாது. அதனால்தான் இரண்டையும் அடக்கும் போசகோனசோல் மாத்திரை: முதல் நாள் 300 மி.கி. இருவேளை, பிறகு ஒருவேளை. எதிர்ப்புச் சக்தியை அடக்கக் கொடுக்கும் டாக்ரோலிமஸின் இரத்த அளவை இது ஏற்றும்; கூடவே அதன் டோஸை மூன்றில் ஒரு பங்காக இறக்காவிட்டால் சிறுநீரகம் பாதித்து கிரியாட்டினின் ஏறிவிடும். லீவோவும் சேர்வதால் ஈசிஜியில் க்யூடி இடைவெளி நீளலாம், இதயத் துடிப்பு தடுமாறலாம். பொட்டாசியம், மெக்னீசியத்தில் கண் வேண்டும்.

சிக்கல் இனிதான். வாய்ப்புண் முற்றினால் மாத்திரை இறங்காது, பொடிக்கவும் கூடாது. சிரப்புக்குக் கொழுப்புள்ள சாப்பாடு வேண்டும்; கஞ்சியே இறங்காதவருக்கு எங்கே போவது! அந்த நாட்களில் சென்ட்ரல் லைனில் போசகோனசோல் ஏற்றுகிறீர்களா, மைக்காஃபங்கின் என்ற வேறு பூஞ்சை ஊசி 50 மி.கி.க்கு மாறுகிறீர்களா? மாறினால் டாக்ரோலிமஸை எத்தனை நாளில், எவ்வளவு ஏற்றுகிறீர்கள்?