பனிக்கால வாட்டர்கலர்: பிள்ளைகளோடு உட்கார்ந்து வரைந்தவர்கள் உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்

காட்பாடி, ஓவிய வகுப்பு நடத்துபவர்:

எங்கள் வீட்டு மாடியில் சனி, ஞாயிறுகளில் பிள்ளைகளுக்கு ஓவியம் சொல்லித்தருகிறேன். ஒன்றாம் வகுப்பிலிருந்து ஏழாம் வகுப்பு வரை வருகிறார்கள். மார்கழி பிறந்துவிட்டால் பனிக்காலத்தை வாட்டர்கலரில் வரைய வைப்பது வழக்கம். மே மாதத்தில் 40 டிகிரியைத் தாண்டும் ஊரில் பனிமலை எதற்கு என்று சில பெற்றோர் கேட்பார்கள். பார்க்காத ஒன்றை வரைய ஆசைப்படுவது பிள்ளைகளின் உரிமை என்றுதான் நான் நினைக்கிறேன். அதோடு, வாட்டர்கலரின் அடிப்படைப் பாடம் பனியில்தான் இருக்கிறது.

அந்தப் பாடம் இதுதான்: வெள்ளையைப் பூசக் கூடாது, விட்டுவைக்க வேண்டும். கலர் பெட்டியில் வெள்ளைக் கட்டி ஒன்று இருக்கும். பனி என்றதும் பிள்ளைகளின் பிரஷ் நேராக அங்கேதான் போகும். நான் அதை முதலிலேயே எடுத்து வைத்துவிடுவேன். பேப்பரின் வெள்ளைதான் பனி. மலைக்குப் பின்னால் இருக்கும் வானத்தை மட்டும் நீலமாகப் பூசு, மலையைத் தொடாதே என்பேன். ஒன்றும் பூசாத இடம் பனிமலையாக எழுந்து நிற்பதைப் பார்த்ததும் அவர்கள் முகத்தில் வரும் ஆச்சரியத்துக்காகவே ஒவ்வொரு வருடமும் இதைச் செய்யலாம்.

அப்புறம் உப்பு. இதற்குத்தான் எல்லாரும் காத்திருப்பார்கள். வானத்துக்கு பிரஷ்யன் ப்ளூவை நிறைய தண்ணீரோடு பூசச் சொல்வேன். பூசியதும் உப்பைப் போடக் கூடாது. பேப்பரை ஜன்னல் பக்கமாகச் சாய்த்துப் பார்க்க வேண்டும். தண்ணீர் தேங்கிப் பளபளவென்று இருந்தால் உப்பு கரைந்து போகும். மினுமினுப்பே இல்லாவிட்டால் நேரம் கடந்துவிட்டது, உப்பு சும்மா மேலே உட்கார்ந்திருக்கும். பளபளப்பு அடங்கி, லேசான ஈர மினுக்கு மட்டும் மிச்சம் இருக்கிற நேரத்தில் கல்லுப்பை நாலைந்தாகத் தூவ வேண்டும். உப்பு தன்னைச் சுற்றியுள்ள தண்ணீரை இழுக்கும், தண்ணீரோடு நிறமும் நகரும். கொஞ்ச நேரத்தில் ஒவ்வொரு கல்லைச் சுற்றியும் ஓரம் பிசிறிய வெளிர் பூ ஒன்று விரியும். தூள் உப்பு போட்டால் பொடிப்பொடியாகப் புள்ளி விழும், தூரத்தில் கொட்டும் பனிக்கு அது சரி. பக்கத்தில் விழும் பெரிய பனிக்குக் கல்லுப்புதான். முழுவதும் காய்ந்த பிறகுதான் கையால் தட்டிவிட வேண்டும். மார்கழிக் காலை ஈரத்தில் பேப்பர் காயவே காயாது, அதனால் வகுப்பைப் பத்தரைக்கு மேல் வைத்துக்கொள்கிறேன்.

இந்த வருடம் நடந்ததைச் சொல்ல வேண்டும். கம்மவான்பேட்டையைச் சேர்ந்த ஒரு பெண் பிள்ளை வருகிறாள், ஐந்தாம் வகுப்பு. வீட்டுக்கு ஒருவராவது ராணுவத்தில் இருக்கும் ஊர் என்று அந்த ஊருக்குப் பேர் உண்டு, எல்லாருக்கும் தெரியும். அவளுடைய அப்பாவுக்கு லடாக்கில் வேலை. பனித்தரையில் மரத்தின் நிழலை வரையும்போது மற்ற பிள்ளைகள் கருப்பில் தண்ணீர் கலந்து சாம்பல் நிறம் பூசினார்கள். இவள் மட்டும் அல்ட்ராமரீன் நீலத்தைக் கரைத்துப் பூசினாள். பக்கத்தில் இருந்த பையன் விடவில்லை.

"நிழல் கருப்பாத்தானே இருக்கும்?"

"எங்க அப்பா வீடியோ கால்ல காட்டினாரு. பனி மேல நிழல் நீலமாத்தான் விழும்."

"மிஸ், இவ பொய் சொல்றா."

நான் தீர்ப்புச் சொல்லவில்லை. வீட்டுக்காரரின் வெள்ளை வேட்டி ஒன்றை மொட்டை மாடியில் வெயில்பட விரித்துப் போட்டேன். ஒவ்வொருவரையும் வேட்டிக்கு மேல் கையை நீட்டச் சொன்னேன். வெயில் பட்ட இடம் லேசான மஞ்சளாகவும் கை நிழல் விழுந்த இடம் நீலம் ஓடியும் தெரிந்தது. நேர் வெயிலைக் கை மறைத்தாலும் வானத்தின் நீல வெளிச்சம் அந்த இடத்தில் விழுந்துகொண்டுதான் இருக்கிறது. மற்ற தரையில் இது கண்ணுக்கு எடுபடாது, வெள்ளையில் எடுபடும். அந்தப் பையன் வேட்டியில் குனிந்து ரொம்ப நேரம் பார்த்தான். பிறகு ஒன்றும் பேசாமல் போய்த் தன் சாம்பல் நிழலின் மேல் நீலத்தை ஏற்றினான். அன்று சாயங்காலம் அந்தப் பிள்ளையின் படத்தை அவள் அம்மா லடாக்குக்கு அனுப்பினார்களாம். நிழல் சாய்ந்திருப்பதை வைத்து, "சாயங்கால வெயிலா பாப்பா?" என்று அப்பா கேட்டாராம்.

அடுத்த வாரம் நம் ஊர்ப் பனி. பாலாற்றுப் பாலத்தில் காலை ஆறரை மணிக்கு நின்றால் தெரியும் மலைகளை எல்லாருமே பள்ளி வேனிலிருந்து பார்த்திருக்கிறார்கள். பேப்பரை முழுவதும் நனைத்துவிட்டு, கடைசி மலையை மிக வெளிறிய நீலத்தில், அதற்கு முன்னால் இருப்பதைக் கொஞ்சம் அழுத்தமாக, கிட்டத்தில் இருக்கும் பாறைக் குன்றை அல்ட்ராமரீனும் பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பும் கலந்த சாம்பலில் வரைய வேண்டும். ஒவ்வொரு மலையின் அடிவாரத்தையும் சுத்தமான ஈர பிரஷால் கரைத்துவிட்டால் அங்கே பனிமூட்டம் வந்துவிடும். லடாக் மலைக்குக் கற்ற அதே வித்தைதான், பேப்பரை விட்டுவைப்பது.

உங்கள் வீட்டில் எப்படிப் போனது?

குடியாத்தம், மூன்றாம் வகுப்புப் பையனின் அம்மா:

அக்கா, நாங்கள் உப்புக்குப் பதில் மெழுகுவத்தியில் செய்தோம். வெள்ளை மெழுகுவத்தியால் பேப்பரில் அழுத்தி வரைந்தால் கண்ணுக்கே தெரியாது. மேலே நீலம் பூசியதும் மெழுகு பட்ட இடத்தில் தண்ணீர் ஒட்டாமல் விலகி, கோடு வெள்ளையாக எழும். என் பையன் பனிப்பூ வரைகிறேன் என்று எட்டுக் கை வைத்து வரைந்தான். பாடப் புத்தகத்தைப் புரட்டி, ஆறு கைதான் இருக்கும் என்று நான் சொன்னேன். ஏன் ஆறு என்று கேட்டான். பனிக்கட்டியில் தண்ணீர் மூலக்கூறுகள் அறுகோணமாகக் கோத்துக்கொள்ளும், அதனால் பூவும் ஆறு பக்கமாக வளரும் என்று எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். அவனுக்கு ஆறை எப்படிச் சமமாகப் பிரிப்பது என்று புரியவில்லை.

அவன் ஆயா வாசலில் கோலம் போட்டுவிட்டு உள்ளே வந்தவர், அவன் கையிலிருந்த மெழுகுவத்தியை வாங்கினார். நடுவில் ஏழு புள்ளி, மேலேயும் கீழேயும் இடுக்குப் புள்ளியாகக் குறைத்து நாலில் நிறுத்தினார். "இப்ப நடுப் புள்ளியிலேருந்து மூலைக்கு மூலை இழு" என்றார். இழுத்தான். சரியாக ஆறு கை! இடுக்குப் புள்ளி வைத்தால் அறுகோணம் தானாக வரும் என்பது எத்தனை வருடம் கோலம் போட்டும் என் கண்ணில் பட்டதில்லை. ஆயா பழக்கத்தில் நடுவில் ஒரு பூசணிப் பூவும் போட்டுவிட்டார். நீலம் பூசியபோது அதுவும் பனிப்பூவோடு சேர்ந்து எழுந்தது. அந்தப் படத்தை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறோம்.

காட்பாடி:

ஆயாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். அடுத்த வகுப்பில் ஏழு புள்ளி நாலில்தான் தொடங்கப் போகிறேன். பையனிடம் இதையும் சொல்லுங்கள்: அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் வில்சன் பென்ட்லி என்ற விவசாயி 1885-ல் நுண்ணோக்கியையும் கேமராவையும் இணைத்து ஒற்றைப் பனிப்பூவைப் படம் பிடித்தார். வாழ்நாளில் 5,000-க்கும் மேல் எடுத்தார். ஜப்பானில் உகிச்சிரோ நாகயா 1936-ல் ஆய்வுக்கூடத்திலேயே பனிப்பூவை வளர்த்துக் காட்டினார். முயல் முடியின் நுனியில் அது வளர்ந்தது. என் வகுப்புப் பிள்ளைகளுக்கு அந்த முயல் முடிதான் ரொம்பப் பிடித்துப் போனது.

கணியம்பாடி, ஓய்வுபெற்ற ராணுவ வீரர்:

பனி மேல் நிழல் நீலமாக விழும் என்று அந்தப் பெண் பிள்ளை சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. காஷ்மீரில் பல குளிர்காலம் பார்த்தவன் என்ற முறையில் இரண்டு விஷயம் சேர்க்கிறேன், மேடம் பிள்ளைகளுக்குச் சொல்லலாம். முதல் விஷயம் மரம். பேரப்பிள்ளைகள் வரைந்ததைப் பார்த்தேன், மரத்தைச் சுற்றி எல்லாப் பக்கமும் பனியை அப்பியிருந்தார்கள். பனி கிளையின் மேல் பக்கம்தான் உட்காரும், அடிப்பக்கம் மரத்தின் நிறமே கருப்பாகத் தெரியும். தேவதாரு மரத்தின் கிளைகள் பாரம் தாங்காமல் கீழே வளையும். வெயில் ஏறியதும் ஒரு கிளை பாரத்தை உதறிவிட்டு மேலே எழும்பும், பக்கத்தில் நிற்பவன் தலையில் கொட்டும். இரண்டாவது, சூரியன் மறையும்போது மலை உச்சி ரோஜா நிறமாகும், அடிவாரம் அதற்குள் நீலத்துக்குப் போய்விடும். ஒரே மலையில் இரண்டு நிறம். நான் பிரஷ் பிடித்ததில்லை. பேத்தி வரைய, பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டே இருந்தேன். "தாத்தா, இந்த இடத்துல நீ எங்க நின்ன?" என்று கேட்டாள். படத்தின் ஓரத்தில் ஒரு இடத்தைக் காட்டினேன். அங்கே பச்சையில் ஒரு ஆளை வரைந்துவிட்டாள்.

சோளிங்கர் பக்கம், அரசுப் பள்ளி ஆசிரியை:

எல்லாம் நன்றாக இருக்கிறது, ஆனால் வாட்டர்கலருக்கென்று விற்கும் தடித்த 300 ஜிஎஸ்எம் பேப்பர் எங்கள் பிள்ளைகளுக்குக் கட்டுப்படியாகாது. டிராயிங் நோட்டுத் தாளில் தண்ணீர் பட்டால் சுருண்டுவிடும். நான் செய்வது இது: தாளின் நாலு ஓரத்திலும் பசை தடவி அட்டையில் ஒட்டிவிடுவேன். காய்ந்ததும் இழுத்துப் பிடித்துக்கொள்ளும், கொஞ்சம் தண்ணீர் தாங்கும். முழுத் தாளையும் நனைக்காமல் வானத்தை மட்டும் நனைக்கச் சொல்வேன். கலர் கலக்கப் பழைய இட்லித் தட்டு. ஒரு குழியில் ஒரு நீலம் என்று நாலு பிள்ளைகள் ஒரு தட்டைச் சுற்றி உட்கார்ந்துவிடுவார்கள். உப்பு வித்தை இந்தத் தாளில் அவ்வளவாக எடுக்காது, மெழுகுவத்தி நன்றாக எடுக்கும். எங்கள் பிள்ளைகள் யாரும் பனிமனிதனை வரையவில்லை, போகி நெருப்பைச் சுற்றி மேளம் அடிப்பதைத்தான் வரைந்தார்கள். பனிமூட்டத்துக்கு நடுவில் ஆரஞ்சு நிறம் வந்தபோது படமே சூடாகிவிட்டது.

ஒரு கேள்வி. என் தங்கை மகனுக்கு நாலு வயது. அவனை உப்போடு விடலாமா?

காட்பாடி:

விடலாம் மேடம், பக்கத்தில் ஒருவர் இருந்தால் போதும். உப்பை டப்பாவோடு கொடுக்காமல், ஒரு ஸ்பூன் அளவு கிண்ணத்தில் போட்டுக் கொடுங்கள். இல்லாவிட்டால் படம் முழுக்க உப்பு மலையாகிவிடும். வாயில் வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். தட்டிவிட்ட உப்பில் கலர் கலந்திருக்கும், அதைத் திரும்ப டப்பாவில் சேர்க்காமல் கொட்டிவிடுங்கள். தூவ வேண்டிய நேரத்தை நீங்கள் பார்த்துச் சொல்லுங்கள், தூவுவது அவனாக இருக்கட்டும். அந்த வயதில் மலையும் மரமும் வேண்டாம், நீலமும் உப்பும் போதும்.

போகி நெருப்புப் படத்தை முடிந்தால் இங்கே போடுங்கள். எங்கள் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும்.