லேசர் செய்த கன்னம், திருகோணமலை வெயில்: சன்ஸ்கிரீன் எப்போது தொடங்குவது, எவ்வளவு பூசுவது?

நிலாவெளிவீதி கேட்டது:

பருத் தழும்புக்காக இரண்டு கன்னத்திலும் ஃபிராக்ஷனல் சிஓடூ லேசர் (தோலில் நுண்ணிய துளைகள் இட்டுப் புதுத் தோல் வளர வைப்பது) செய்து இன்று நாலாம் நாள். பொடிப்பொடியாக மண்ணிறப் பொருக்கு. இடக் கன்னத்தில் ஒரு இடம் இன்னும் ஈரமாக இருக்கிறது. என் தோல் மாநிறத்தைவிடக் கொஞ்சம் கறுப்பு. "சன்ஸ்கிரீன் பூசுங்க, வெயில்ல போகாதீங்க" என்பதோடு கிளினிக்கில் அனுப்பிவிட்டார்கள். அடுத்த வாரம் வேலை தொடங்குகிறது. உப்புவெளியிலிருந்து நிலாவெளிக்கு ஸ்கூட்டர், காலை ஏழரைக்குப் போய்ப் பகல் இரண்டுக்குத் திரும்ப வேண்டும். கையில் இருப்பது எஸ்பிஎஃப் 50, பிஏ++++ போட்ட வெள்ளைக் கிரீம். இப்பவே பூசலாமா? இது போதுமா? எவ்வளவு காலத்துக்கு?

மாநிறம் எழுதியது:

ஈரமான இடம் இருக்கும்வரை சன்ஸ்கிரீன் வேண்டாம், தங்கச்சி. மேல்தோல் மூடாத இடத்தில் பூசினால் எரியும். எரிச்சல் என்றால் அழற்சி. நம்முடைய தோலில் அழற்சி எங்கே நீடிக்கிறதோ அங்கே கறுப்புப் படியும். வெயில் அதன் மேல் எண்ணெய் ஊற்றும் வேலையைச் செய்கிறது, அவ்வளவுதான்.

இப்போதைக்கு வெறும் தண்ணீரால் கழுவி, ஒற்றி எடுத்து, வாசனை சேர்க்காத வசிலின் மெல்லிசாகப் பூசி வீட்டுக்குள் இருங்க. முகத்தில் பொருக்கு பொதுவாக 5 முதல் 7 நாளில் தானாக உதிரும். நகத்தால் கிளப்பினால் கீழே சிவந்த புள்ளி நிற்கும், அது பிறகு கறுக்கும். எல்லாப் பொருக்கும் விழுந்து, கசிவு நின்று, தண்ணீர் பட்டால் எரியவில்லை என்றால் அன்றைக்கே சன்ஸ்கிரீன் தொடங்கலாம்.

பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. பத்தாம் நாள் கன்னம் இளஞ்சிவப்பாக, அழகாகத் தெரியும். "ஆறிட்டுது" என்று குடையை மூலையில் வைத்துவிடுவார்கள். கறுப்பு பெரும்பாலும் மூன்று நாலு கிழமை கழித்துத்தான் தலைகாட்டும், வந்தால் போக மாதக்கணக்காகும். அதனால் குறைந்தது ஆறு கிழமை கடுமையான காவல். மூன்று மாதம் என்றால் இன்னும் நல்லது. அடுத்த அமர்வு இருந்தால் அதற்கு முந்தைய நாலு கிழமையும் சேர்த்தி. வெயிலில் கறுத்த தோலில் லேசர் அடித்தால் பிறகு கறுப்புப் படியும் வாய்ப்புக் கூடும்.

கறுப்புக்குடை எழுதியது:

கிரீம் பற்றி. உங்களிடம் இருப்பது புற ஊதாக் கதிருக்குப் போதும். எஸ்பிஎஃப் 50 சரியாகப் பூசினால் தோலைச் சுடும் புற ஊதாக் கதிரான யூவிபியில் ஏறக்குறைய 98 வீதத்தைத் தடுக்கும். பிஏ என்பது தோலில் ஆழமாக இறங்கும் மற்றப் புற ஊதாக் கதிரான யூவிஏக்கான அளவு. ஆனால் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சமும், அதிலும் நீலமும் ஊதாவும், மாநிறத் தோலைக் கறுக்க வைக்கும். சாதாரண வெள்ளைக் கிரீம் அதைப் பெரிதாகத் தடுக்காது. அதற்கு அயர்ன் ஒக்சைட் சேர்ந்த, தோல் நிறம் கொண்ட சன்ஸ்கிரீன் வேண்டும். பெட்டியின் பின்பக்கம் சிஐ 77491, 77492, 77499 என்ற எண்களைப் பாருங்க. 77891 என்பது டைட்டானியம் டயொக்சைட், வெள்ளைப் பூச்சு. அதை மட்டும் கண்டு ஏமாற வேண்டாம். புதிது வாங்கக் காசில்லை என்றால் இருக்கிற கிரீமைப் பூசி, காய்ந்ததும் அதே எண்கள் உள்ள நிறப் பவுடரையோ ஃபவுண்டேஷனையோ மேலே மெதுவாக ஒற்றுங்க. கலந்து பூசக் கூடாது, இரண்டின் படலமும் கெடும்.

அளவில்தான் எல்லாரும் கோட்டை விடுவது. எஸ்பிஎஃப் சோதிப்பது சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் வீதம். முகம், காது, கழுத்துக்கு ஆட்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் பிதுக்கிய கிரீம், ஒரு கிராமுக்குச் சற்று மேலே. ஒரேயடியாகப் பூசினால் திட்டாகும். ஒரு விரல் பூசி, ஐந்து நிமிடம் விட்டு, மற்ற விரலைப் பூசுங்க. தேய்க்காமல் தட்டித் தட்டி. நாளுக்கு மூன்று தடவை என்றால் 50 மில்லி டியூப் இரண்டு கிழமையில் முடியும். மூன்று மாதம் வந்தது என்றால் பூசியது பேருக்குத்தான்.

வெளியே இருந்தால் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை. உங்கள் கணக்கில்: வீட்டை விட்டு இறங்க 20 நிமிடம் முன் ஒன்று, திரும்பக் கிளம்ப முன் ஒன்று. இரண்டாவதுதான் முக்கியம். இங்கே சூரியன் உச்சிக்கு வருவது பன்னிரண்டு மணியை ஒட்டித்தான். இரண்டு மணிக்கும் யூவி இறங்கியிருக்காது. சித்திரைப் புத்தாண்டை ஒட்டியும் ஆவணி நடுவிலும் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே, நிழல் காலடியில் கிடக்கும். நிழல் உங்கள் உயரத்தைவிடக் குட்டையாக இருக்கும் நேரமெல்லாம் ஆபத்து நேரம்தான். கச்சான் காற்று (தென்மேற்கிலிருந்து வரும் வறண்ட காற்று) அடிக்கிற மாதங்களில் வியர்வை உடனே காய்ந்துவிடும், கிரீம் கரைந்து போனதும் தெரியாது.

துறைமுகத்தெரு எழுதியது:

வழியைக் கவனித்தீர்களா? காலையில் வடக்கே போகிறீர்கள், சூரியன் வலப்பக்கம். இரண்டு மணிக்குத் தெற்கே திரும்புகிறீர்கள், சூரியன் மேற்கே, மறுபடி வலப்பக்கம். வலக் கன்னத்துக்கு இரட்டை வெயில். முழுமுக ஹெல்மெட்டின் கண்ணாடியை இறக்கி வைத்தால் யூவி பெரும்பாலும் நிற்கும், ஆனால் தெளிவான கண்ணாடி வெளிச்சத்தை விடும். உள்ளே நெருக்கமாக நெய்த கருநிறப் பருத்தித் துணியை மூக்குவரை கட்டுங்க. துணியை விளக்குக்கு நேரே பிடித்துப் பாருங்க, ஓட்டை ஓட்டையாக வெளிச்சம் தெரிந்தால் வேறு துணி. நனைந்த வெள்ளைத் துணி இன்னும் மோசம். பொருக்கு விழும்வரை எந்தத் துணியும் கன்னத்தில் உரசக் கூடாது.

யாராவது தேசிக்காயும் மஞ்சளும் பூசச் சொல்லுவார்கள், தயவுசெய்து வேண்டாம். தேசிக்காய்ச் சாறு பட்ட தோலில் வெயில் பட்டால் நல்ல தோலே கொப்பளித்துக் கறுக்கும். தேங்காய் எண்ணெய் வெயிலைத் தடுக்காது. பெயர் விவரம் இல்லாத வெள்ளையாக்கும் கிரீமில் ஸ்டீரொய்ட்டோ பாதரசமோ இருக்கலாம். கோயிலுக்குப் போனால் திருநீறு நெற்றியோடு நிற்கட்டும், கன்னத்துக்கு வர வேண்டாம். கடல் குளிப்பு இரண்டு கிழமைக்கு இல்லை.

நிலாவெளிவீதி:

நன்றி. வேலை செய்யும் இடத்தில் கண்ணாடி ஜன்னலுக்குப் பக்கத்தில்தான் என் மேசை. அதுவும் கணக்கா? பருவுக்கு டொக்சிசைக்ளின் குளிசையும் ஓடிக்கொண்டிருக்கிறது.

மாநிறம்:

கணக்குத்தான். சாதாரண ஜன்னல் கண்ணாடி யூவிபியை நிறுத்தும், யூவிஏயையும் வெளிச்சத்தையும் விடும். மேசையை நகர்த்த முடியாவிட்டால் திரையை இழுத்து விடுங்க. டொக்சிசைக்ளின் தோலை வெயிலில் எளிதாகச் சுட்டுக்கொள்ளும்படி ஆக்கும், லேசர் செய்த டொக்டருக்கு அதை இன்றே சொல்லுங்க, நீங்களாக நிறுத்த வேண்டாம். ஈரமான அந்த இடம் நாளை மறுநாளும் காயவில்லை, மஞ்சள் சீழ் கட்டுகிறது, கூட்டமாக நீர்க்கொப்புளம் வருகிறது, வலி கூடுகிறது என்றால் திங்கள்வரை காத்திருக்காமல் அன்றைக்கே காட்டுங்க.