வீட்டுக்கு சிடி பிளேயர்: புதுசா, பழசா, இல்ல டிவிடி பிளேயரே போதுமா?

நாகமலைக்காத்து:
வணக்கம். ஹால்ல உக்காந்து கேக்க ஒரு சிடி பிளேயர் எடுக்கணும். ஹால் 12க்கு 14 அடி. ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயரும் ரெண்டு சின்ன ஸ்பீக்கரும் இருக்கு. ஆம்ப்ளிஃபயர் பின்னாடி ஃபோனோ, டியூனர், ஆக்ஸ், டேப்னு போட்டிருக்கு. சிடின்னு தனியா இல்ல.

டிஸ்க் மொத்தம் 200. ஒரிஜினல் 120, பெரும்பாலும் கச்சேரி: மதுரை மணி ஐயர், மதுரை சோமு, எம்.எஸ். கம்ப்யூட்டர்ல எழுதினது 50. மீதி 30, ஒரே சிடியில 150 பாட்டுன்னு வித்த எம்பி3.

இப்ப டிவிடி பிளேயர்ல ஓடுது. ஒவ்வொரு டிராக் தொடங்கும்போதும் முதல் எழுத்தை முழுங்கிடுது. டிவியைப் போடாம எத்தனாவது பாட்டுன்னும் தெரியல. எழுதின சிடியில கடைசிப் பாட்டுங்க குதிக்குது. ஜப்பான்லருந்து வந்த பழைய பிளேயர் ஒண்ணு விலைக்கு வருது, பின்னாடி 100 வோல்ட்னு இருக்கு. எடுக்கலாமா?

மாசிவீதி:
முதல்ல டிஸ்கைப் பிரிங்க, பிளேயரை அப்புறம் பாக்கலாம். உங்ககிட்ட இருக்கிறது மூணு சாதி. மூணையும் ஒரே பெட்டியில ஓட்டணும்னு நெனச்சாத்தான் தப்பான பிளேயர் வாங்குவீங்க.

ஒரிஜினலை எந்த சிடி பிளேயரும் படிக்கும். ஆனா கச்சேரி டிஸ்க்ல ராகம், தானம், பல்லவின்னு டிராக் பிரிச்சிருந்தாலும் நடுவுல சத்தம் அறுந்திருக்காது. சிடி பிளேயர் அதை அப்படியே தொடர்ந்து ஓட்டும். சில டிவிடி பிளேயர் ஒவ்வொரு டிராக் மாறும்போதும் வாயை மூடித் திறக்கும், உங்க முதல் எழுத்து போறது அங்கதான். செட்டிங்ல தேடாதீங்க, அது சரியாகாது.

எழுதின சிடி-ஆர் ஒளியை ஒரிஜினலை விடக் கொஞ்சம் கம்மியாத் திருப்பும், இருந்தாலும் லென்ஸ் நல்லா இருந்தாப் படிச்சிடும். அழிச்சு எழுதுற சிடி-ஆர்டபிள்யூ திருப்புறது ஒரிஜினல்ல மூணுல ஒரு பங்கு கூட வராது. பழைய பிளேயர்ல போட்டா நோ டிஸ்க்னு துப்பிடும்.

எம்பி3க்காக பிளேயரைத் தேர்ந்தெடுக்காதீங்க. 128 கேபிபிஎஸ்ல அஞ்சு நிமிஷப் பாட்டு 4.8 எம்பி, 700 எம்பி டிஸ்க்ல 145 பாட்டு. அந்த 150 பாட்டு கணக்கு வர்றது இப்படித்தான். 30 டிஸ்கும் சேந்தா 21 ஜிபி, ஒரு 32 ஜிபி பென்டிரைவ்ல அடங்கிடும். புதுசு எடுக்கறதா இருந்தா யமஹா சிடி-எஸ்303 மாதிரி முன்னாடி யூஎஸ்பி இருக்கிறதா பாருங்க. அது எம்பி3 டிஸ்கையும் எடுக்கும். டெனான் டிசிடி-600என்இல யூஎஸ்பி கிடையாது, உங்க 120 ஒரிஜினலுக்கு அதுவும் தாராளம்.

ஈயக்கம்பி:
பழசு எடுக்கிறவங்க முன்னாடி இருக்கிற பேரைப் பாக்காதீங்கண்ணே, உள்ள எந்த லென்ஸ்னு கேளுங்க. சோனி கேஎஸ்எஸ்-213, சான்யோ எஸ்எஃப்-பி101என், இந்த ரெண்டும் பல கம்பெனி செட்ல உக்காந்திருக்கும், மாத்து லென்ஸ் இன்னும் கிடைக்குது. சான்யோவுல 15 பின், 16 பின்னு ரெண்டு வகை. ரிப்பன் கேபிள்ல எத்தனை பின்னுன்னு எண்ணாம வாங்கினா திரும்ப நடக்கணும். பிலிப்ஸோட பழைய ஸ்விங் ஆர்ம் மெக்கானிசம் அருமையானதுதான், ஆனா அது போச்சுன்னா இன்னொரு செத்த பிளேயர்லருந்துதான் எடுத்துப் போடணும்.

நேர்ல பாக்கப் போகும்போது மூணு டிஸ்க் கொண்டு போங்க: 70 நிமிஷத்துக்கு மேல உள்ள ஒரிஜினல் ஒண்ணு, சிடி-ஆர் ஒண்ணு, லேசா கீறல் விழுந்தது ஒண்ணு. டிஸ்க் போட்டு பத்து செகண்டுக்குள்ள டிராக் எண்ணிக்கை வரணும். முதல் டிராக்லருந்து கடைசிக்குத் தாவுங்க, திரும்ப முதலுக்கு வாங்க. டிரேயை பத்து வாட்டி திறந்து மூடுங்க. திக்கினா பெல்ட் தளர்ந்திருக்கு, நம்ம ஊரு வெயிலுக்கு ரப்பர் அப்படித்தான் ஆகும். அது சின்ன செலவு, விலையைக் குறைக்கக் கேளுங்க, அவ்வளவுதான். முக்கியமானது, அரை மணி நேரம் ஓட விட்டு சூடேறின பின்னாடி சிடி-ஆரைத் திரும்பப் போடுங்க. சோர்ந்த லேசர் குளிர்ல நடிக்கும், சூட்டுல மாட்டிக்கும்.

"லென்ஸ் சரி பண்ணியாச்சு"ன்னு விக்கிறவங்க சொன்னா, மாத்தினாய்ங்களா இல்ல பக்கத்துல இருக்கிற, லேசர் கரண்டை ஏத்தி இறக்குற சின்னத் திருகைத் திருகிவிட்டாய்ங்களான்னு கேளுங்க. திருகினா லேசருக்குக் கரண்ட் கூடும், அன்னைக்கு எல்லா டிஸ்கும் படிக்கும், கொஞ்ச நாள்ல லேசரே போயிரும்.

எழுதின சிடியில கடைசிப் பாட்டு குதிக்கிறதுக்கு: சிடி உள்ளருந்து வெளிய படிக்கும். தொடக்கத்துல நிமிஷத்துக்கு 500 சுத்து, விளிம்புக்கு வரும்போது 200. கடைசிப் பாட்டுன்னா லென்ஸ் தண்டவாளத்தோட கடைசியில நிக்குதுன்னு அர்த்தம். நீளமான ஒரிஜினலைப் போட்டு கடைசி டிராக் கேளுங்க. அதுவும் குதிச்சா தண்டவாளத்துல கிரீஸ் காஞ்சு தூசி கட்டியிருக்கு. அது சுத்தமா ஓடினா குத்தம் நீங்க எழுதின டிஸ்க் மேல.

நாகமலைக்காத்து:
ரொம்ப நன்றிண்ணே. ஒரிஜினல் போட்டுப் பாத்துச் சொல்றேன். அந்த 100 வோல்ட்? கடையில 110 வோல்ட் கன்வெர்ட்டர் போட்டா போதும்ங்கிறாங்க.

தல்லாகுளம்_சுருள்:
போதாதுங்க. கன்வெர்ட்டர்னு விக்கிறது 230ஐ 110 ஆக்குறது. 100 வோல்ட் செட்டுக்கு அதுவே பத்து சதவீதம் அதிகம். ராத்திரி லோடு குறைஞ்சு லைன் 245க்கு ஏறினா வெளிய 117 வரும். உடனே புகையாது. உள்ள இருக்கிற ரெகுலேட்டர் மிச்ச வோல்ட்டை எல்லாம் சூடா மாத்தும், பக்கத்துல இருக்கிற கெபாசிட்டர் வெந்துக்கிட்டே இருக்கும்.

230க்கு 100ன்னு சொல்லி டிரான்ஸ்ஃபார்மர் சுத்தித் தரச் சொல்லுங்க. பிளேயர் இழுக்கிறது 15 வாட் கிட்டதான், 50 விஏ (வோல்ட்-ஆம்பியர்) போதும். ரெண்டு சுருளும் தனித்தனியா இருக்கணும், ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மர் வேணாம். லைன் 245 ஆனாலும் அப்ப 106தான் வரும்.

ஜப்பான்ல கிழக்கே 50 ஹெர்ட்ஸ், மேற்கே 60. அதனால அந்த ஊர் செட் நம்ம 50க்குப் பொருந்தும். அமெரிக்கா செட்ல வெறும் 60 ஹெர்ட்ஸ்னு மட்டும் போட்டிருந்தா டிரான்ஸ்ஃபார்மர் கூடுதலா சூடாகும், அதை விட்டுருங்க.

ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர்ல ஓட்டினா டிரான்ஸ்ஃபார்மர் உறுமும். கரண்ட் போனா கச்சேரியை நிறுத்தி வைங்க.

மாசிவீதி:
வயரை ஆக்ஸ்ல குத்துங்க. டியூனர், டேப் இன் ரெண்டும் கூட ஆகும். ஃபோனோல மட்டும் குத்தாதீங்க. அது ரெக்கார்டு பிளேயரோட அஞ்சு மில்லிவோல்ட்டுக்குப் பண்ணினது, சிடி பிளேயர் தர்றது 2 வோல்ட். காது கிழியும், பாஸ் வீங்கும்.

அந்த 2 வோல்ட்டால, வால்யூம் குமிழைக் கொஞ்சம் திருப்பினதுமே சத்தம் நிறைஞ்சிடும். டிவிடி பிளேயரோட ஒப்பிடும்போது ரெண்டு சத்தத்தையும் சமமா வச்சுக் கேளுங்க. கூடுதலா ஒலிக்கிறது எப்பவும் நல்லா இருக்கிற மாதிரிதான் தோணும். டாக் சிப் (டிஸ்க்ல இருக்கிற டிஜிட்டலை ஒலி சிக்னலா மாத்துற சிப்) பேரை வச்சு நடக்கிற சண்டையில பாதி அங்கயே அடங்கிடும். ஸ்பீக்கரைச் சுவத்துலருந்து ஒரு அடி முன்னாடி இழுத்து வச்சா கேக்கிற வித்தியாசம், சிப்பை மாத்தினா வராது. வெறும் டிரான்ஸ்போர்ட்னு விக்கிறதையும், ஆடியோலேப் 6000சிடிடி மாதிரி, தெரியாம எடுத்துடாதீங்க. அதுக்குள்ள டாக் இல்ல, உங்க ஆம்ப்ளிஃபயரோட நேரா சேராது.

ஈயக்கம்பி:
இன்னும் ரெண்டு விஷயம். ஆம்ப்ளிஃபயர் தலைமேல பிளேயரை வைக்காதீங்க. வெள்ளிக்கிழமை சாம்பிராணி போட்டா டிரேயை மூடி, மேல ஒரு துணி போட்டுடுங்க. அந்தப் புகை லென்ஸ்ல மெல்லிசா எண்ணெய்ப் படலம் மாதிரி படியும். துடைக்க பட்ஸ்ல ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால் 99 சதவீதம், ஒரு சொட்டு, அழுத்தாம. லென்ஸ் முடிமாதிரி கம்பியில தொங்குது. சானிடைசர் கூடாது, காஞ்சதும் பசை நிக்கும்.

என்னைக்காவது புது கேஎஸ்எஸ்-213 மாட்டும்போது, அதோட சின்ன போர்டுல ஒரு பொட்டு ஈயம் ரெண்டு புள்ளியைச் சேத்து வச்சிருக்கும். நம்ம கையில இருக்கிற மின்சாரம் லேசரைக் கொல்லாம இருக்க அது. ரிப்பனைச் செருகின பின்னாடிதான் அந்த ஈயத்தை எடுக்கணும். முன்னாடியே எடுத்தா மாட்டுறதுக்குள்ள செத்துரும். எடுக்கவே மறந்தா லேசர் எரியாது, லென்ஸே டூப்ளிகேட்னு கடைக்காரர் கூடச் சண்டைக்குப் போவீங்க.

நாகமலைக்காத்து:
ஒரிஜினல்ல 74 நிமிஷ டிஸ்க் கடைசி வரைக்கும் சுத்தமா ஓடுது. எழுதினதுலயும் மார்க்கர்ல பேர் எழுதினது எல்லாம் சரி. பேப்பர் ஸ்டிக்கர் ஒட்டினது மட்டும்தான் குதிக்குது. ஸ்டிக்கரை உரிச்சிடலாமா?

ஈயக்கம்பி:
உரிக்காதீங்க! சிடி-ஆர்ல வெள்ளி பூசினது மேல்பக்கம், ஒரு அரக்குப் பூச்சுக்கு அடியில இருக்கு. ஸ்டிக்கரோட வெள்ளியும் பேந்து வந்துரும், பாட்டும் அதோட போச்சு. ஒட்டின பேப்பர் டிஸ்கை ஒரு பக்கமா இழுத்து வளைக்கும், வளைவு விளிம்புலதான் ஜாஸ்தி, அதான் கடைசிப் பாட்டு.

கம்ப்யூட்டர் டிரைவ்ல எக்ஸாக்ட் ஆடியோ காப்பி மாதிரி ஒரு சாஃப்ட்வேரை வச்சு, வேகத்தைக் குறைச்சு எடுங்க. சிக்கின இடத்தை அது திரும்பத் திரும்பப் படிக்கும். ஃப்ளாக்கா (தரம் குறையாத ஆடியோ ஃபைலா) ஒரு காப்பி வச்சுக்கிட்டு, புது சிடி-ஆர்ல 16 எக்ஸ் வேகத்துல, டிஸ்க்-அட்-ஒன்ஸ்னு போட்டு எழுதுங்க. டிராக்-அட்-ஒன்ஸ் போட்டா ஒவ்வொரு பாட்டுக்கு நடுவுலயும் ரெண்டு செகண்ட் ஓட்டை விழும். பேரை சிடிக்குன்னு விக்கிற மார்க்கர்ல, நடு ஓட்டையைச் சுத்தி இருக்கிற தெளிவான வளையத்துல எழுதுங்க.