கான்டெஸாவை வைத்துக்கொள்வதா, ஆக்டேவியா ஆர்எஸ் வாங்குவதா?

நண்பர்களே, வணக்கம். புதுச்சேரி முத்தியால்பேட்டையிலிருந்து எழுதுகிறேன். சித்தப்பாவின் பழைய ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் கார், கான்டெஸா 1.8, இப்போது என்னிடம் இருக்கிறது, இன்னொரு பக்கம் ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் 230 ஒன்று செகண்ட் ஹேண்டில் வருகிறது, வீட்டில் ஒரு வண்டி நிறுத்தத்தான் இடம். ஆர்எஸ்ஸின் 2 லிட்டர் டர்போ 230 குதிரைத்திறன் தரும், வேகத்தில் கான்டெஸாவின் இசுசு இன்ஜின் அதன் பக்கத்திலேயே நிற்க முடியாது. ஆனால் நீளமான பானெட்டைப் பார்த்தபடி, பின்சக்கரம் தள்ள, ஈசிஆரில் மரக்காணம் வரை கான்டெஸாவில் நிதானமாகப் போகிற சுகம் ஆர்எஸ்ஸில் இல்லை. ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

கான்டெஸாவில் பயம் துருதான். உப்புக்காற்றில் டிரைவர் பக்கத் தரைத்தகடு பொத்துப்போய், கால்மிதி மேட்டைத் தூக்கினால் ரோடு தெரிகிறது. 15 வருடம் தாண்டிய வண்டி, ஆர்சியை (பதிவுச் சான்று) 5 வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும், தரை இப்படி இருந்தால் எஃப்சி (தகுதிச் சான்று) கிடைப்பது கஷ்டம். அப்புறம் 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோல், அந்த எத்தனால் பழைய ரப்பர் குழாய்களைக் கெடுத்துவிடும், அவற்றையும் மாற்றணும்.

புதுச்சேரியிலோ கடலூரிலோ பழைய வண்டிக்குப் பொறுமையாகத் தகடு வெட்டி வெல்டு வைக்கிற டிங்கர் யாராவது இருக்கிறார்களா? இசுசு இன்ஜினுக்குக் கார்புரேட்டர் கிட் எங்கே கிடைக்கும்? ஆர்எஸ் வைத்திருப்பவர்கள் அதன் டிஎஸ்ஜி ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்கு ஆகும் செலவை உள்ளபடி சொல்லுங்கள். தரை சரியாகும் என்றால் கான்டெஸாவை விடமாட்டேன்.