வகையிடல் இல்லாமல் பெருமம், சிறுமம் கற்பிப்பது எப்படி?

கேள்வி

வணக்கம். தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டு மாடியில் பத்தாம், பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மாலை நேரத்தில் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். பலர் காசிமேட்டிலிருந்து வருபவர்கள் என்பதால், சுவரை ஒட்டிக் கருவாடு காயவைக்கும் இடத்தை 40 மீட்டர் வலையால் மூன்று பக்கமும் செவ்வகமாக அடைத்தால், எந்த அளவில் பரப்பு மிக அதிகமாகும் என்று கேட்டேன். ஒரு மாணவன் தன் அண்ணனிடம் கேட்டுவந்து, வகையிட்டு (அதாவது பரப்பு மாறும் வீதத்தைக் கண்டு) அதைச் சுழியத்துக்குச் சமப்படுத்தி, 200 சதுர மீட்டர் என்று எழுதியிருந்தான். ஏன் சுழியத்துக்குச் சமப்படுத்தினாய் என்றதும் தலைகுனிந்து நின்றான். பன்னிரண்டாம் வகுப்புவரை காத்திராமல், காரணம் புரியும்படி இதைக் கற்பிக்க வழியுண்டா?

மறுமொழி 1

ஐயா, முதலில் அட்டவணை போடச் சொல்லுங்கள். சுவருக்குச் செங்குத்தான பக்கம் 5, 8, 10, 12, 15 மீட்டர் எனில் பரப்பு முறையே 150, 192, 200, 192, 150. பத்துக்கு இருபுறமும் எண்கள் ஒத்திருப்பதைப் பிள்ளைகளே கவனித்துச் சொல்லும்வரை நீங்கள் வாய்திறக்க வேண்டாம். அதன்பின், பத்தாம் வகுப்பில் படித்த வர்க்கப் பூர்த்தியைக் கொண்டு, x(40 − 2x) = 200 − 2(x − 10)² என்று எழுதிக் காட்டுங்கள். வர்க்கம் ஒருபோதும் குறை எண் ஆகாது; ஆகவே 200-இலிருந்து கழிக்க மட்டுமே முடியும், எதுவும் கழியாத ஒரே இடம் x = 10. நிரூபணம் அவ்வளவுதான்.

இன்னொரு வழி எனக்கு இதைவிடப் பிடித்தமானது. சுவரைக் கண்ணாடியாக நினைத்து, மறுபுறம் பிம்பத்தையும் வரைந்தால் 80 மீட்டர் சுற்றளவுள்ள முழுச் செவ்வகம் கிடைக்கும். சுற்றளவு மாறாதபோது சதுரத்துக்கே பரப்பு அதிகம் என்பதால் அது 20க்கு 20. அதில் பாதிதான் நம்முடையது. விடையில் ஒரு பக்கம் மற்றதைப்போல் இரு மடங்காக இருப்பதன் காரணம் இதில் கண்ணுக்கே தெரிகிறது.

மறுமொழி 2

பதினோராம் வகுப்பினருக்கு, மிகை எண்களின் கூட்டுச் சராசரி (கூட்டி எண்ணிக்கையால் வகுப்பது), பெருக்குச் சராசரியைவிட (பெருக்கி மூலம் எடுப்பது) குறையாது என்பதையும் பழக்கலாம். எல்லா எண்களும் சமமானால்தான் இரண்டும் சமம்; ஆகவே கூடுதல் மாறாதபோது, எண்கள் சமமாகும் இடத்தில் பெருக்கல்பலன் மிக அதிகம். 30 செ.மீ. சதுர அட்டையின் நான்கு மூலைகளிலும் x பக்கச் சதுரங்களை வெட்டி மடித்தால் பெட்டியின் கனஅளவு x(30 − 2x)². இக்காரணிகளின் கூடுதல் மாறிலி அன்று. x-க்குப் பதிலாக 4x எடுத்தால் 4x, 30 − 2x, 30 − 2x என்ற மூன்றின் கூடுதல் எப்போதும் 60 ஆகிவிடும். மூன்றும் 20 ஆகும்போது x = 5, கனஅளவு 2000 கன செ.மீ.

எண்கள் சமமாகும் இடத்தை உண்மையில் எட்ட முடிகிறதா என்று சோதிக்காமல் விடுவதுதான் நான் அதிகம் பார்த்த பிழை. x + 9/x-இன் சிறுமம் 6 என்று மனப்பாடமாகச் சொல்வார்கள்; x குறைந்தது 5 ஆக இருக்கவேண்டும் என்று நிபந்தனை சேர்த்தால், x = 3 கைக்கு எட்டாது, சிறுமம் 6.8 ஆகிவிடும். இந்த ஒரு கணக்கைத் தவறாமல் கொடுங்கள்.

மறுமொழி 3

கண்ணாடி முறை தூரத்துக்கும் பொருந்தும். கரைக்கோட்டிலிருந்து 60 மீட்டரில் ஒரு கொட்டகையும் 30 மீட்டரில் இன்னொன்றும் ஒரே பக்கத்தில் உள்ளன. கரையோரமாக இடைவெளி 120 மீட்டர். முதலாவதிலிருந்து நீரைத் தொட்டுவிட்டு இரண்டாவதுக்குச் செல்லக் குறைந்த தூரம் என்ன? இரண்டாவதின் பிம்பத்தைக் கடல்புறம் வைத்து நேர்கோடு இழுத்தால், 120, 90 பக்கங்களுக்குக் கர்ணம் 150. பித்தாகரஸ் தேற்றம் போதும். அலெக்சாண்ட்ரியாவின் ஹீரோன் ஒளி எதிரொளிப்பதற்குத் தந்த விளக்கமும் இதுவே.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. நேற்று கண்ணாடி முறையைச் சொன்னேன். இரண்டு சுவர்கள் சேரும் மூலையில் அதே வலையைக் கட்டினால் என்ன ஆகும் என்று ஒரு மாணவி கேட்டாள். நான் கரும்பலகைக்குத் திரும்புமுன், தாளை இரண்டு முறை மடித்துப் பிரித்து, 80 மீட்டர் பக்கமுள்ள சதுரமா என்றாள். சுற்றளவு 160 எனில் பக்கம் எவ்வளவு என்று மட்டும் கேட்டேன். 40 என்று திருத்தி, அதில் கால்பங்காக 400 சதுர மீட்டரை அவளே எழுதினாள்.