சாலிஸ்: கிண்ணமா, கலமா?

அன்புள்ள குழுவினருக்கு,

அருங்காட்சியகப் பட்டியல் ஒன்றின் தமிழாக்கம் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. அயர்லாந்தின் ஆர்டா சாலிஸுக்கு (chalice: கிறித்தவத் திருப்பலி வழிபாட்டில் திராட்சை இரசம் ஏந்துவது) தமிழ்ப் பெயர் கிடைக்காமல் நிற்கிறோம்: 8ஆம் நூற்றாண்டு, 1868இல் கண்டெடுத்தது, வெள்ளி, இரு கைப்பிடி. 'கோப்பை' என்றால் விளையாட்டுப் பரிசாகிவிடுகிறது. தண்டின் நடுவிலுள்ள புடைப்புக்கும் பெயர் வேண்டும்.
– ந.

ந. அவர்களுக்கு,

புறநானூறு 56இல் யவனர் தந்த தேறலைப் 'பொன்செய் புனைகலத்து' ஏந்தித் தருகிறார்கள். பொன், கைவேலை, மது, ஏந்தும் முறை எல்லாம் அங்கேயே இருக்கின்றன. புனைகலம் என்றே வையுங்கள். இலத்தீன் கேலிக்ஸ், கிரேக்கக் கைலிக்ஸ், வடமொழிக் கலசம், பூவின் புல்லிவட்டத்துக்கான கேலிக்ஸ் அனைத்திலும் ஒலிப்பது நம் கலமே.
– செ.

செ. ஐயா,

புல்லிவட்டச் சொல் வேறு. மூடியிருக்கும் உறையைக் குறித்த கிரேக்கச் சொல் அது, பிற்பாடு குடிகலத்தோடு குழம்பியது. ஒலி ஒத்தால் வேர் ஒன்றாகிவிடாது. கலம் என்றால் கப்பல், 12 மரக்கால் கொண்ட அளவை, இலங்கை மாணவர்க்கு உயிரணு. பழைய விவிலியத்தின் 'பாத்திரம்' இன்று அடுக்களைக்குப் போய்விட்டது. விவிலியத்தின் பொது மொழிபெயர்ப்பில் 'கிண்ணம்'தான். ஆகவே திருக்கிண்ணம்.

புடைப்பைக் குமிழ் எனலாம். அது வெறும் அலங்காரமல்ல. பழைய திருப்பலி முறையில் அப்பத்தைத் தொட்ட பெருவிரலையும் சுட்டுவிரலையும் குரு பிரிக்கக் கூடாது. மற்ற விரல்களால் தண்டைப் பற்றும்போது கிண்ணம் நழுவாமல் குமிழ்தான் தாங்கும். உள்ளே பொன்முலாம் பூசுவதற்கும் காரணம் உண்டு: திராட்சை இரசத்தின் புளிப்பு உலோகத்திலுள்ள செம்பை அரித்துக் களிம்பேற்றும்.
– அ.

தாள் + கிண்ணம் = தாட்கிண்ணம். புணர்ச்சியும் சரி, உருவமும் சரி. தாள் என்றால் அடித்தண்டு.
– மு.

மு. ஐயா, இன்று படிப்பவர் அதைக் காகிதக் கிண்ணம் என்றுதான் கொள்வார். ஆர்டாவின் தண்டும் குட்டை. தாளைப் பெயரில் முன்னிறுத்த முடியாது.
– அ.

நன்றி. குழுவில் நால்வர் ஒப்பியதால் திருக்கிண்ணம், குமிழ் இரண்டையும் அனுப்புகிறேன்.
– ந.

அச்சுக்கு முன் ஒன்று. நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தின் அந்தியோக்கியா சாலிஸ் உண்மையில் நிறுத்திவைக்கும் விளக்காக இருக்கலாம் என்கிறார்கள். அதையும் திருக்கிண்ணம் என்பீர்களா? 'திரு'வும் பயனை முடிவுகட்டுகிறது, 'கிண்ணம்' என்பதும் முடிவுகட்டுகிறது. புனைகலம் என்றால் விளக்கானாலும் பொருந்தும். என் மறுப்பைப் பதிவுசெய்யுங்கள்.
– செ.