ஆயர் ஈத்தாம் வீடு: 16ஆம் நாள் ஏற்பாடு

தேவி: எல்லாருக்கும் வணக்கம். ஞாயித்துக்கிழமை 16ஆம் நாளுக்கு பாட்டி பாடின தேவாரம் போடணும்னு அத்தை சொன்னாங்க. என் போன்ல 11 நிமிஷம் இருக்கு. தாத்தாவோட ஸ்பீக்கர் பொட்டி ரெண்டும் ஸ்டோர்ல கெடக்கு, பின்னாடி 8 ஓம்ஸ்னு எழுதியிருக்கு. ஆன்லைன்ல சின்ன ஆம்ப்ளிஃபையர் (ஆம்ப்) ஒண்ணு 58 வெள்ளிக்கு வாங்கிட்டேன். அடாப்டர் கூட வரலை. எதைக் குத்துறது?

ராமு: மோடம் அடாப்டர் போதும்

சேகர்: யாரும் எதையும் குத்தாதீங்க!! டைப் பண்றேன்

மாலா: சேகர் அண்ணே டைப் பண்றாரு. எல்லாரும் போயி கோப்பி கலக்கிக் குடிச்சிட்டு வாங்க

சேகர்: தேவி, உள்ள என்ன சிப்?

தேவி: டிபிஏ3116 சித்தப்பா. பொட்டியில 12 – 24 வோல்ட்னு இருக்கு

சேகர்: நல்ல சிப். 26 வோல்ட்டுக்கு மேல மட்டும் போகக்கூடாது. இப்ப கேளு. வோல்ட் வேற, ஆம்பியர் வேற. வோல்ட் அந்த அளவுக்குள்ள இருக்கணும். ஆம்பியர் கூட இருந்தா பயமில்லை, ஆம்ப் தனக்கு வேணுங்கிறதைத்தான் இழுக்கும். கம்மியா இருந்தாதான் தொல்லை. மோடம் அடாப்டர் 12 வோல்ட் 1 ஆம்பியர், மொத்தமே 12 வாட். 8 ஓம்ஸ்ல அந்த வோல்ட்டுக்கு ஒரு பக்கம் 9 வாட் வரும். ரெண்டு பக்கமும் சத்தமா போனா அடாப்டர் தாங்காது. உருமி அடி ஒண்ணு விழுந்தா வோல்ட் எறங்கி ஆம்ப் அணைஞ்சு அணைஞ்சு வரும்.

கீதா: அத்தை தேவாரத்துல உருமி எங்க வந்துச்சு

பிரவீன்: 😂

சேகர்: உதாரணம் சொன்னேன் லா

மாலா: சடங்கு பண்ற பண்டாரம் ஐயாவுக்கு யாரு போன் பண்றது?

சேகர்: பழைய லேப்டாப் அடாப்டர் தேடு தேவி. 19 வோல்ட் 4.74 ஆம்பியர்னு இருந்தா 90 வாட். ஒரு பக்கம் 22 வாட் கிட்ட கெடைக்கும். 24 வோல்ட் போட்டா 36 வரும், ஆனா காதுக்கு கொஞ்சம்தான் வித்தியாசம் தெரியும். நம்ம ஹாலுக்கு 19 தாராளம்.

ராமு: அடாப்டர்லாம் சீப்பு சாமான். அப்பாவோட டிரான்ஸ்ஃபார்மர் இருக்கு. கையில தூக்கவே முடியாது, அவ்ளோ கனம்

சேகர்: அண்ணே

மாலா: ஆரம்பிச்சாச்சு

பிரவீன்: தீபாவளிக் கதை

சேகர்: கதை இல்லை பிரவீன். அது 24 வோல்ட் ஏசி கரண்டு. டையோடும் கெப்பாசிட்டரும் போட்டு ஆம்புக்கு வேணுங்கிற டிசி கரண்டா ஆக்கினா 24 வராது. 1.4ஆல பெருக்கு, 33 கிட்ட போகும். நமக்கு 24 வேணும்னா 18 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர் போடணும், பாட்டு இல்லாம சும்மா இருக்கிறப்ப அதுவும் ஏறும். அன்னைக்கும் இதையேதான் சொன்னேன். டப்புனு ஒரு சத்தம், முறுக்குத் தட்டு மேலயே புகை.

ராமு: நீ ஸ்பீக்கர் ஒயரை மாத்திக் குத்துன. அதான் வெடிச்சுது

சேகர்: அது என்னோட ஆம்ப் அண்ணே

கீதா: 6 வருஷம் ஆச்சு. போதும் ரெண்டு பேரும்

மாலா: அம்மா அந்த முறுக்கைத்தான் ஒரு வாரம் தின்னுச்சு. புகை வாசம் நல்லாருக்குனு சொல்லிச் சொல்லி

மாலா: படையல்ல கோப்பி ஓ வைக்கணும், பால் இல்லாம. சீனி நெறைய

கீதா: டாக்டர் சீனி வேணாம்னாரே

மாலா: இனிமே என்ன டாக்டர்

தேவி: சித்தப்பா ஒண்ணு கெடைச்சுது. ஸ்டிக்கர் பாதி கிழிஞ்சிருக்கு, 19 வோல்ட் தெரியுது. முனை உள்ள போகுது ஆனா ஆடுது

சேகர்: வெளிவட்டம் ரெண்டும் 5.5 மில்லிமீட்டர்தான். உள்ள ஊசி 2.1, 2.5னு ரெண்டு சைஸ் இருக்கு. மாறியிருந்தா ஆடும், பாதிப் பாட்டுல நின்னுடும். ஸ்டிக்கர்ல வட்டத்துக்குள்ள புள்ளி தெரியுதா? அந்தப் புள்ளியில இருந்து போற கோடு பிளஸ்ல முடியணும்

தேவி: அந்த எடம்தான் கிழிஞ்சிருக்கு

சேகர்: அப்ப தொடாதே. மீட்டர் எடுத்துக்கிட்டு நாளைக்கு வர்றேன்

பிரவீன்: நான் வெள்ளிக்கிழமை கேஎல்ல எலக்ட்ரானிக்ஸ் கடைங்க இருக்கிற ஜாலான் பாசார் போறேன். 24 வோல்ட் 5 ஆம்பியர் வாங்கவா? சனிக்கிழமை ஈடிஎஸ் ரயில்ல பட்டர்வொர்த் வந்து ஃபெரி எடுத்துருவேன்

சேகர்: வாங்கு. சிரிம் பாதுகாப்பு ஸ்டிக்கர் இருக்கணும், 230 வோல்ட் விளையாட்டு இல்லை. ஆம்போட ஓட்டை சைஸையும் தேவிகிட்ட கேட்டுக்க. தேவி, பாட்டு ஓடுறப்ப போனை சார்ஜ்ல போடாதே, ங்ஙொய்னு ஒரு சத்தம் வரலாம்

ராமு: எதுக்கு காசு. 19 இருக்குல்ல

கீதா: வாழை எலை 60 போதுமா 80 சொல்லவா?

தேவி: அப்பா, வைஃபை என்னாச்சு? மாடியில மீட்டிங்ல இருக்கேன்

தேவி: அப்பா??

ராமு: மோடத்துல இருந்து கழட்டி ஆம்புல குத்திட்டேன். அம்மா பாடுறாங்க. ஒண்ணும் அணையலை

சேகர்: சத்தத்தை ஏத்தாதீங்க அண்ணே

மாலா: கொஞ்சம் ஏத்தி எனக்கு ரெக்கார்ட் பண்ணி அனுப்புண்ணே

ராமு: நடுவுல இருமுறாங்களே, அதை வெட்டணுமா?

மாலா: வெட்டாதே

கீதா: 80 சொல்லிட்டேன். பண்டாரம் ஐயாவுக்கு யாராச்சும் பேசுனீங்களா?